லிங்கசாமி தூங்கின படம்

செப்டம்பர் 14

அமெரிக்காக்காரன் வரியை ஏற்றி, ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஓவர்டைம் நின்றுபோன வருஷம் இது. எங்கள் தெருவுக்குப் புதுத் தார் போட்டு, மறுவாரமே குழாய் பதிக்கத் தோண்டின வருஷமும் இதுதான். எனக்குக் கண்புரை எடுத்ததும் இந்த வருஷமே. தேதியைப் போனே மேலே போட்டுவிடுகிறதாம். இருக்கட்டும்.

நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. மருமகள் கலைமகள் ஏற்பாடு செய்து கொடுத்தாள். "மனசுல இருக்கறதை எல்லாம் இதுகிட்டப் பேசுங்க மாமா" என்றாள். அவள் காதுக்கு விடுதலை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் டைரி எழுதுகிறேன். என்னைத் தவிர யார் வேண்டுமானாலும் இதைப் படிக்கலாம்.

செப்டம்பர் 15

இன்று எடுத்த படங்கள்: காக்கா. என் கட்டைவிரல். காக்கா பறந்துபோன பிறகு கம்பி. மறுபடியும் கட்டைவிரல், இந்தத் தடவை நல்ல தெளிவாக.

செப்டம்பர் 21

கண்புரையோடு இருந்த வருஷங்களில் டீ வடிகட்டுகிற துணி வழியாகத்தான் ஊரைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் எதிரில் நின்ற நர்சம்மாவின் சேலையைப் பார்த்து, "இது என்ன கலருங்க?" என்று கேட்டேன். வெள்ளை என்றார். அசடு வழிந்தேன். பாதி ஆயுசு பனியன் மெஷினில் வெள்ளைத் துணி ஓட்டினவன் கேட்கிற கேள்வியா.

அன்றிலிருந்து இந்தக் கிறுக்கு. ரோடு தோண்டுகிற ஜேசிபிக்குப் பின்னாலேயே ஒரு கொக்கு நடக்கிறது. புரட்டிப் போட்ட மண்ணில் புழு பொறுக்குகிறது. மெஷின் நின்றால் அதுவும் நிற்கிறது, சம்பளத்துக்கு வந்த மேஸ்திரி மாதிரி. எடுத்தேன். கம்பெனி வண்டிக்குக் காத்து நின்ற பெண்களில் ஒருத்தி கொட்டாவி விட, பக்கத்தில் நின்றவளுக்கு ஒட்டி, அப்படியே கடைசிப் பெண் வரைக்கும் போனது. அதையும் எடுத்தேன். வைவார்கள் என்று பார்த்தால், "எங்களுக்கும் அனுப்புங்க தாத்தா" என்றார்கள். பட்டனை அமுக்குகிற அந்த நொடியில் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளுகிறது. இந்த வயதில் நெஞ்சில் துள்ளினால் டாக்டரிடம் போக வேண்டும். நான் தெருவுக்குப் போகிறேன்.

அக்டோபர் 5

லிங்கசாமியிடம் படங்களைக் காட்டினேன். பனியன் வேஸ்ட் குடோனுக்கு வாட்ச்மேன் அவன். இந்தி வேண்டாமென்று ஊரே கொதித்த வருஷம், இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம். அன்று அவன் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை, ஊக்கு குத்தியிருந்தான்.

முழுவதையும் பார்த்துவிட்டு, "காக்காய்க்கு எதுக்குடா இத்தனை போட்டோ? அதுக்குப் பொண்ணு பாக்கறயா?" என்றான்.

அக்டோபர் 30

இன்று எடுத்ததுதான் நான் எடுத்ததிலேயே நல்ல படம். குடோன் வாசலில் நாற்காலியில் லிங்கசாமி தூங்குகிறான். வாய் திறந்திருக்கிறது. முகத்தில் சாயங்கால வெயில். விரல் எங்கேயும் இல்லை.

இதற்கு ஒரு அழகு செய்ய வேண்டாமா? படத்தைச் சுற்றி பிரேம் போடுகிற இடம் போனில் இருக்கிறது. ரோஜா, பலூன், கேக் எல்லாம் தள்ளிவிட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே வெள்ளைப் பூ என்று லட்சணமாக இருந்த ஒன்றைப் போட்டேன். பூவுக்குக் கீழே எழுத்து இருந்தது. தினமும் தெருக் குரூப்பில் வருகிற காலை வணக்கத்திலும் பூவும் எழுத்தும்தானே இருக்கின்றன? குரூப்பில் போட்டுவிட்டு, போனைச் சார்ஜில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன்.

அக்டோபர் 31

அந்த எழுத்து கண்ணீர் அஞ்சலியாம்.

நான் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் படம் சோமனூர் வரைக்கும் போய்விட்டது. தூக்கம் தெளிந்த லிங்கசாமி டீ குடிக்கக் கிளம்பியிருக்கிறான். ஐஸ் பெட்டி வண்டிக்காரன் அவனிடமே வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, இங்க லிங்கசாமி ஊடு எதுங்க?" என்று கேட்டிருக்கிறான். "எந்த லிங்கசாமிங்க?" "தவறிட்டாருங்களே, வாட்ச்மேன், அவருங்க."

இவன் வீட்டுக்கு ஓடியபோது பந்தல்காரன் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தான். குன்னத்தூரிலிருந்து அவன் தங்கை பழனாத்தாள் கோடித்துணி, மாலையோடு வேன் பிடித்து வந்து இறங்கினாள். அண்ணன் நிற்பதைப் பார்த்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து அவனை நாலு சாத்து சாத்தினாள். என்னைச் சாத்தியிருக்க வேண்டும். நான் ஈர வேட்டியோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் லிங்கசாமியும் சிரித்துவிடுவான் போலத்தான் இருந்தது. அப்போது அவன் போன் அடித்தது. பெங்களூரில் இருக்கிற மகன். இவன் கூட்டத்தை விட்டு விலகி, நான் நின்ற பக்கம் வந்து எடுத்துக் காதில் வைத்தான். பேசுவது யாரென்று கேட்காமலே மகன் கேட்டான்: "எத்தனை மணிக்கு எடுக்கறாங்க? லீவு சொல்லோணும்."

பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. லிங்கசாமி போனை வைத்துவிட்டான்.

நவம்பர் 1

குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். கலைமகள் சொல்லித்தான் தெரியும்.

நவம்பர் 3

டீக்கடை ராஜபாண்டி தேனிப் பக்கத்துக்காரன். என்னைக் கண்டதும் பெஞ்சில் இருந்தவர்களிடம், "பெரியவரு வாராரு, எல்லாரும் கண்ணை நல்லா முழிச்சுக்கிட்டு உக்காருங்கப்பா" என்றான். நானும் சிரித்தேன். சிரிக்காமல்?

லிங்கசாமி எழுந்து நின்று எனக்கு இடம் விட்டான். "வாங்க. உக்காருங்க. சௌக்கியமுங்களா?" என்றான்.

அறைந்திருக்கலாம். கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் பிச்சைக்காரருக்கும் 'ங்க' உண்டு, பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும் உண்டு. இவன் எனக்குப் போட்டது இதுவே முதல் தடவை.

நவம்பர் 9

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "எழுத்துத் தெரியாமப் பண்ணிப்போட்டேன்டா."

"அதனால என்னங்க, பரவாயில்லீங்க" என்றான். காப்பி கொடுத்தான். சர்க்கரை போட்டு. இந்தக் காப்பிக்கு நான் திணறிப் போனேன். எனக்குச் சர்க்கரை ஆகாதென்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். யாரோ ஒருத்தருக்குக் கொடுப்பது மாதிரிக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

அவன் கோபம் என்மேல்தானா? மகன்மேல் காட்ட முடியாததை என்மேல் காட்டுகிறானா? அந்தக் கேள்வியை மகன் கேட்க வழி செய்து கொடுத்தவன் நான்தானே. அதைக் காதால் கேட்டவனும் நான் ஒருவன்தான். என் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு அந்தக் குரல் கேட்குமோ என்னவோ.

நவம்பர் 16

படம் எடுப்பதை விட்டுவிட்டேன். போன் இனிப் பேசுவதற்கு மட்டும்.

நவம்பர் 17

மொபெட் சீட்டில் ஏறி நின்று ஒரு ஆடு, கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. எனக்கு மானம் ரோஷம் இருக்கிறது.

ஒன்றே ஒன்று எடுத்தேன்.

டிசம்பர் 1

ராஜபாண்டி கடைக்குப் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டேன். லிங்கசாமியும் மாற்றியிருக்கிறான் போல. இரண்டு பேரும் ஒரே நேரத்துக்கு மாற்றி, எதிரெதிரே வந்து நின்றோம். "நல்லதுங்க" என்றான். நானும் "நல்லதுங்க" என்றேன். கல்யாணத்தில் சம்பந்திகள்கூட இத்தனை மரியாதையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 11

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம்.

"டேய் சாமியப்பா, அந்த எழவெடுத்த போனைத் தூக்கிட்டு வாடா."

வாய் கொப்பளிக்காமலே போனேன். லிங்கசாமி முன்னால் வேகமாக நடந்தான், நான் பின்னால். குடோனில் வெள்ளைக் கட்டிங் வேஸ்ட் குவித்த மேட்டில் தெருநாய் குட்டி போட்டிருந்தது. செம்பட்டை ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டும் கலந்தது ஒன்று. வெள்ளைப் பஞ்சு மாதிரித் துணிக்குள் மூக்கு மட்டும் வெளியே தெரியத் தூங்கின.

"ஓனர் பாத்தார்னா அள்ளி வெளிய போடச் சொல்லுவாரு. நல்லாப் புடிச்சுக் குரூப்புல போடு. ஆராச்சும் கூட்டிட்டுப் போவாங்க."

"குரூப்புல நான் இல்லடா."

"கலைமகளப் போடச் சொல்லு. நீ போட்டீன்னா மூணுக்கும் மாலை வந்துரும்."

மண்டி போட்டு எடுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அவன்தான் கையைப் பிடித்துத் தூக்கினான், பாரம் தாங்காமல் வைதுகொண்டே. பிறகு கறுப்புக் குட்டியை மெதுவாக எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "என்னையும் ஒண்ணு எடு. கண்ணு தொறந்திருக்கான்னு பாத்துக்க" என்றான்.

பார்த்துக்கொண்டேன். திறந்துதான் இருந்தது. குட்டியைத் திரும்பத் துணிக்குள் வைத்துக்கொண்டே, "இதைப் பெங்களூருக்கு அனுப்பச் சொல்லு" என்றான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். மகன், மருமகள், கடைக்காரன், கண் டாக்டர் எல்லோருக்கும் நான் 'ங்க'. 'டா' போட்டவர்கள் யார் யார்? அம்மா. அவள் போனது காமராஜர் செத்த வருஷம். அண்ணன், நொய்யலில் வெள்ளம் வந்து பாலத்தைத் தொட்ட வருஷம். கம்பெனியில் பக்கத்து மெஷின் ஓட்டின வேலப்பன், கொரோனாவில். அந்தோணிராஜ், போன ஆடியில். மிச்சம் லிங்கசாமி.