நாலு பேர் வித்தியாசம்

வெள்ளவத்தை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்கா,

இரண்டு வருசமாய் நீங்கள் என்னோடு கதைக்கிறதில்லை. இதையாவது கிழிக்காமல் வாசியுங்கோ.

மருந்துப் பரிசோதனையின் கணக்கு முடிந்துவிட்டது. புது மருந்து எடுத்த நூற்றிப்பத்துப் பேரில் பத்தொன்பது பேர் இப்போது இல்லை. பழைய மருந்து எடுத்த நூற்றிப்பத்துப் பேரில் இருபத்துமூன்று பேர். அந்தப் பட்டியலில் பெயர்கள் கிடையாது, இலக்கம் மட்டும்தான். நாற்பத்தேழு யாரென்று எனக்குத் தெரியும்.

அத்தானைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வைக்கச் சொன்னவள் நான். யாருக்கு எந்த மருந்து என்று கம்ப்யூட்டரில் சீட்டுப் போட்டதும் நான்தான். அத்தானுக்கு விழுந்தது பழைய மருந்து. "உன்ர சீட்டுத்தான்டி அவரைக் கொண்டுபோனது" என்று செத்தவீட்டில் எல்லாருக்கும் முன்னால் சொன்னீங்கள்.

கணக்கை நான் செய்யவில்லை. இன்ன விடைதான் வரவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதனால் கூட வேலைசெய்யும் ஸியாமிடம் கொடுத்துவிட்டேன். இந்த நாலு பேர் வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதுதான், புது மருந்து கூடுதலாய்க் காப்பாற்றியது என்று சொல்ல ஏலாது என்றார். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆனால் அக்கா, வித்தியாசத்தைக் காட்ட முடியவில்லை என்றால் வித்தியாசமே இல்லை என்று அர்த்தமில்லை. இன்னும் நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்திருந்தால் தெரிய வந்திருக்கவும் கூடும்.

கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டுக்கு நேரில் வந்திருந்தால் ஸியாம் சொன்னதோடு நிறுத்தியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் தங்கச்சி