வண்டி ஓட்டுநர் சாயங்காலம் வருவார்

அண்ணா,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ.

தீயணைப்பு வேலையில சேர்ந்த புதுசுல, வந்ததும் வராததுமா நாற்காலி மேல ஏறி அன்னைக்கு நடந்ததையெல்லாம் நடிச்சுக் காட்டுவே. சிரிச்சுச் சிரிச்சு அம்மாவுக்குப் புரையேறும். அந்தக் கிடங்குத் தீக்கு அப்புறம் வீடே ஊமையாயிடுச்சு. மனநல ஆலோசகர்கிட்ட பேசுன்னதுக்கு, "எனக்கென்ன பைத்தியமா?"ன்னு நேத்து எரிஞ்சு விழுந்தே. நானும் பதிலுக்குக் கத்திட்டேன்.

சாயங்காலம் உங்க தீயணைப்பு வண்டி ஓட்டுநர் வருவார். நான்தான் வரச்சொன்னேன். அந்தத் தீக்கு அப்புறம் அவருக்கும் தூக்கமில்லையாம். உங்க நிலையத்துல வாராவாரம் இதே நாள்ல ஆலோசகரோட கூடிப் பேசறாங்களே, அங்கே தனியாப் போகக் கூச்சப்படறார். "அவன் வந்தா நானும் உட்காருவேம்மா"ன்னார்.

கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்துடு.

பி.கு.: எனக்காகப் போகவேண்டாம். மனுஷன் அந்த வாசல்வரைக்கும் போய்ப்போய்த் திரும்பியிருக்கார். கூட நீ இருந்தா உள்ளே போயிடுவார்.