குரல் கொடுக்காத மூன்று நாள்

அடுத்த மனையில் வீடு கட்டுகிறார்கள். இன்று காலை லாரியில் கம்பி வந்து இறங்கியது. மேலே நின்றவர் வாய் திறக்காமல் ஒரு கம்பியைத் தள்ளிவிட்டார். கீழே ஒருவர் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலில் நின்று "வருதுங்க!" என்று கத்திவிட்டேன். அவர் துள்ளி விலகினார். பிறகு எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், இந்தக் கிழவனுக்கு என்ன வந்தது என்று. உன்னைத் தவிர யாருக்குப் புரியும்? நீயோ போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

எழுபதுகளில், கஞ்சிக்கோட்டுக் கம்பி ஆலையில் நாம் இருவரும் ஒரு ஜோடி. உலையிலிருந்து செக்கச் சிவந்து வரும் இரும்புப் பாளத்தை நான் இந்தப் பக்கமிருந்து உருளைகளின் பள்ளத்துக்குள் செலுத்துவேன். அந்தப் பக்கம் அது நீண்டு மெலிந்து வெளிவரும். நீ நீளக் குறடால் அதன் முனையைப் பிடித்து, அடுத்த சிறிய பள்ளத்தில் திருப்பி விடுவாய். இப்படிப் போய்ப் போய் வந்துதான் பாளம் விரல் தடிமன் கம்பியாகும். நடுவில் உருளைகளும் நீராவியும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் செலுத்துகிறவன் ஒவ்வொரு முறையும் குரல் கொடுக்க வேண்டும். பிடிக்கிறவன் "வா" என்று சொல்ல வேண்டும். எனக்கோ எதற்கும் 'ங்க' போடும் எங்கள் ஊர் வாய். "வருதுங்க!" என்றுதான் வரும். மூணாறுப் பக்கம் சூரியநெல்லித் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த உனக்கு அது தீராத வேடிக்கை.

"ஏன் மாப்ள, பழுக்கக் காய்ச்சின கம்பிக்குமா மருவாத? அது என்ன, ஒம் மாமனாரா?"

"கம்பிக்கில்லீங்க சாமி, புடிக்கிற உங்களுக்குத்தானுங்க."

வேலை முடிந்து ஒரே அறைக்குத்தான் திரும்புவோம். அண்ணனோடு முறைத்துக்கொண்டு ஊரைவிட்டு வந்து கிடந்தவன் நான். உன்னைவிட்டால் எனக்கு அங்கே நாதி கிடையாது.

அந்தப் பொங்கலுக்குச் சில நாள் முன்பு, நீ ஊருக்கே போய்விடப் போவதாக டீக்கடைக்காரர் சொன்னார். என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லியிருக்கிறாயே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகிறவனோடு என்ன பேச்சு என்று மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டேன். அறையில் பேசவில்லை. ஆலையிலும், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, குரல் கொடுக்கவில்லை. இரண்டு நாள் நீ உருளைச் சத்தத்தை வைத்தே சமாளித்தாய். மூன்றாம் நாள் ஒரு கம்பியின் முனை ஆறிக் கறுத்திருந்தது. அப்படிப்பட்டது நேராக வராது. அதைப் பார்த்தும் ஊமையாகவே உள்ளே விட்டேன். அது வளைந்து பாய்ந்து உன் வலது முன்கையைப் பொசுக்கியது.

மேஸ்திரி ஓடிவந்து கேட்டபோது, "அவன் கூப்பிட்டான்யா, எனக்குத்தான் கேக்கல" என்றாய்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் மட்டும் சொன்னாய்: "பொங்கலுக்குப் போயிட்டு வந்துருவேன்னுதான மாப்ள அவர்ட்ட சொன்னேன்." நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விரல் மடங்காத கையோடு ஊருக்குப் போனாய். திரும்பவில்லை.

ஒரு தடவை உன்னைப் பார்க்கக் கிளம்பி மறையூர் வரை வந்தேன். அந்த ஊரில் பேர்போன வெல்லத்தை உனக்கென்று வாங்கினேன். மூணாறு பஸ் வந்து நின்றது. ஏறாமல் திரும்பிவிட்டேன். அந்த வெல்லத்தை இங்கே தனியாக உட்கார்ந்து நானே பல நாள் தின்று தீர்த்தேன்.

யார் யாரையோ விசாரித்து என் எண்ணைப் பிடித்து, உன் மகள்தான் போன் செய்தாள். அழுகைக்கு நடுவே ஒன்று சொன்னாள்: "மாமா, அப்பா யாருக்குக் காப்பி குடுத்தாலும் 'வருதுங்க'ன்னு சொல்லித்தான் நீட்டுவாங்க. நாங்க சிரிப்போம். எதுக்குப்பான்னு கேட்டா, 'அது என் மாப்ள குரலு'ம்பாங்க."

அடப்பாவி, நான் கொடுக்காமல் விட்டதை நீ அத்தனை வருஷம் வைத்திருந்தாயா?

இந்த வீட்டில் நானே காப்பி போட்டு நானே குடிக்கிறேன். இருந்தாலும் தம்ளரை மேசையில் வைக்கும்போதெல்லாம் இப்போது "வருதுங்க" என்கிறேன். கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். "வா" என்று சொல்லத்தான் ஆளில்லை.