செங்கேணி சொன்ன நன்றி

நம்மூர்,
மாசிக் கடைசி, 1979.

பம்பாயில் இருக்கும் என் பிள்ளை ராஜாராமுக்கு, அம்மா கோவிந்தம்மாள் உன் நெற்றியில் திருநீறு வைத்ததாக நினைத்துக்கொண்டு எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம். நேற்று நம்மூர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு எவனும் நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது.

மேடை மேல் பஞ்சாயத்துத் தலைவர் வரதப்பன், ஞானசுந்தரி டீச்சர், பஸ் கம்பெனியிலிருந்து வந்த பெரிய அதிகாரி, மாகறலிலிருந்து வந்த என் அண்ணன், அதாவது உன் மாமன் பஞ்சாட்சரம். ஓரத்து நாற்காலியில் மாதர் சங்கத்துக்காக உன் பெண்டாட்டி செங்கேணி. கீழே முன்பாயில் நான். என் பக்கத்தில் தாயாரம்மாள், உன் கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று சாம்பாரில் உப்பு இல்லை என்றாளே, அவளேதான். பின்னால் கைக்குழந்தையோடு அம்முலு. மைக் செட் பக்கத்தில் சின்னராசு. பிள்ளைகள் வரிசையில் உன் மகள் கனகா. இந்தப் பக்கம் தெருவெல்லாம், அந்தப் பக்கம் காலனியெல்லாம் வந்துவிட்டது. வராதவன் நீ ஒருத்தன்தான்.

அதிகாரியை எதற்குக் கூப்பிட்டோம் என்று உனக்கே தெரியும். கனகா எட்டாவது முடிக்கப் போகிறாள். ஒன்பதாவதுக்கு உத்திரமேரூர் போக வேண்டும். பஸ்ஸோ பிரிவு ரோட்டோடு போய்விடுகிறது. அங்கிருந்து ஏரிக்கரை மேலேயே நடை. ஏரி நிரம்பிவிட்டால் கலங்கல் வழியாக வழிந்தோடுகிற தண்ணீரில் இறங்கித் தாண்ட வேண்டும். நீயும் போன கடுதாசியில் அதைத்தான் எழுதியிருந்தாய். பஸ் இல்லாத ஊரில் வயசுப் பெண்ணை எப்படி அனுப்புவது, படித்தது போதும், மாமா பேரனுக்கே வைகாசியில் கல்யாணம் முடித்துவிடலாம் என்று. உன் கூட்டெழுத்து எனக்குப் படிக்க வராது. அந்தக் கடுதாசியைப் படித்துக் காட்டியது யார் தெரியுமா? கனகாதான். ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை. அதனால்தான் இந்தக் கடுதாசியை அவளை எழுதச் சொல்லாமல், அவள் பாடம் எழுதும்போது கூட உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்தில் நானே எழுதுகிறேன். எழுத்து கோணினால் நீதான் நேராக்கிப் படித்துக்கொள்ள வேண்டும்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். டீச்சர் வரவேற்புரை சொன்னார்கள். வரவேற்புரை என்றால் பெயர் சொல்லிச் சொல்லி ஒவ்வொருத்தர் தலையிலும் பூ வைப்பது. காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டதால் எங்களுக்கு டீச்சரின் கொண்டைதான் தெரிந்தது. அப்புறம் வரதப்பனின் தலைமையுரை. நான் அதிகம் பேச விரும்பவில்லை என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பிக்கிறவனை நம்பவே கூடாது. அவன் தாத்தா வெட்டிய கிணறு, அவன் அப்பன் போட்ட ரோடு என்று பேசி முடிப்பதற்குள் அம்முலு குழந்தை தூங்கி எழுந்து மறுபடியும் தூங்கிவிட்டது.

உன் மாமன் பேச்சு அப்படி இல்லை. அதை மறைக்க மாட்டேன். காகிதம் கிடையாது, எல்லாம் மனப்பாடம். முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி மெதுவாகத்தான் தொடங்கினார். போகப் போகக் குரல் கோபுரம் ஏறியது. துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “பெண்ணின் பெருமை பேனா பிடிக்கும் கையிலே! பேதமை போக்கும் புத்தகப் பையிலே!” என்று சொல்லி நிறுத்தினார். கைதட்டலுக்குத்தான் நிறுத்தினார். அது வந்ததும் சோடாவை ஒரு வாய் குடித்தார். பெண் குழந்தையின் படிப்பை நிறுத்துவது எரிகிற விளக்கைத் தூக்கித் தண்ணீரில் போடுவது போல என்றும் சொன்னார். தாயாரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்கண்ணன் இன்னாமா பேசறாருடி கோயிந்து!” என்றாள். என் பேத்தியின் படிப்பை நிறுத்தச் சொல்லிப் பம்பாய்க்குக் கடுதாசி மேல் கடுதாசி போட்ட கையும் அந்தத் துண்டை இழுத்துவிட்ட கையும் ஒரே கைதானே.

அதிகாரி எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தார். கோரிக்கை கவனத்துக்கு வந்திருக்கிறதாம். ஆராயப்படுமாம். ஆவன செய்யப்படுமாம். யார் செய்வார், எப்போது செய்வார் என்று அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. மூன்று மனு கொடுத்தபோதும் இதே பேச்சுத்தான் தபாலில் வந்தது.

கடைசியில் நன்றியுரை. நன்றியுரை என்றால் ஜனங்கள் பாயைச் சுருட்டுகிற நேரம். அதனால்தான் அதைப் பொம்பளைக்கு ஒதுக்கினார்கள். முந்தின நாளே வரதப்பன் நம் வீட்டு வாசலில் வந்து நின்று செங்கேணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான்: “நன்றியுரையில எதையும் கேக்கக் கூடாது. அது மரியாதை இல்ல. பஸ்ஸு கிஸ்ஸுன்னு வாயத் தொறக்காத. நன்றி மட்டும் சொல்லிட்டு ஒக்காந்துக்க.” அவளும் தலையை ஆட்டினாள்.

செங்கேணி எழுந்தாள். மைக் அவள் தலைக்கு மேலே நின்றது. சின்னராசு ஓடிவந்து இறக்கிவிட்டான். அது கீச்சென்று கத்தியது. கையில் காகிதம் இல்லை. மனப்பாடமும் இல்லை. நம் வீட்டுக் குழாயடியில் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

“எனக்கு மேடைப் பேச்சு தெரியாதுங்க. நன்றி மட்டும் சொல்லச் சொன்னாங்க. நன்றி மட்டுந்தான் சொல்லப் போறேன்” என்றாள். வரதப்பன் சந்தோஷமாகத் தலையாட்டினான். டீச்சருக்கு நன்றி, பாய் கொடுத்தவங்களுக்கு நன்றி, சின்னராசுக்கு நன்றி என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாரும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அதிகாரி மாலையைச் சுருட்டி டிரைவரிடம் கொடுத்தார். அப்போது சொன்னாள் பார்:

“வர்ற ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கிற நாள்லேர்ந்து, காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி, நம்மூரு வேப்பமரம் வரிக்கும் பஸ் வுடப்போற ஐயாவுக்கு, இங்க ஒக்காந்துகினு கீற பொம்பளைங்க எல்லார் சார்பாவும் ரொம்ப ரொம்ப நன்றிங்க.”

அதிகாரி அப்படியே திரும்பினார். முதலில் கைதட்டியது அம்முலு. கார்த்திகையில் வலி கண்டு, பிரிவு ரோட்டுக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே பெற்றவள் அவள். தட்டாமல் இருப்பாளா? குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத் தட்டினாள். தாயாரம்மாள் தட்டினாள். போகட்டும், உப்பு விஷயத்தை அதோடு விட்டுவிட்டேன். அப்புறம் யார் தட்டினார்கள், யார் தட்டவில்லை என்று பிரிக்கவே முடியவில்லை. வரதப்பன் முகம் வெளுத்து, தேசிய கீதத்தை ஆரம்பி என்று டீச்சருக்குக் கையைக் காட்டினான். டீச்சர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், மழை வருமா என்று பார்க்கிற மாதிரி. மாசி மாசத்தில்!

செங்கேணி நகரவில்லை. இன்னும் ஒரு நன்றி பாக்கி என்றாள். அது உனக்கு.

“அந்த பஸ்ல ஏறி எம் பொண்ணு கனகா ஒன்பதாவது படிக்கப் போவட்டும்னு சரி சொல்லிகீற எங்க வூட்டுக்காரருக்கும் நன்றி. அவரு பம்பாய்ல கீறாரு. இங்க இல்லன்னாலும் அவருக்கும் ஒருவாட்டி கை தட்டுங்க” என்றாள்.

ராஜாராமா, தட்டினார்கள் பார், பஸ்ஸுக்குத் தட்டியதைவிடப் பலமாக! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்த ஊரில் உன் பெயருக்கு இதற்கு முன்னால் யாரும் கை தட்டியது இல்லை. நீ அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அங்கே தெரிந்தவர்கள் நாலே பேர். செங்கேணி, நான், கனகா, அப்புறம் உன் மாமன். அவர் சோடா பாட்டிலை எடுத்தார். அது காலி.

நன்றியுரைக்குப் பிறகு யாரும் பேசுகிற வழக்கம் இல்லை. ஆனால் அதிகாரி மைக்கைக் கேட்டு வாங்கினார். சிரித்துக்கொண்டே, “நன்றியை வாங்கிக்கிட்டு பஸ்ஸ விடாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது. காலையில எத்தனை மணிக்கு வேணும்? அதையும் நீங்களே சொல்லிடுங்கம்மா” என்றார். செங்கேணி யோசிக்கவே இல்லை. “எட்டு மணிக்கு வந்தாப் போதுங்க” என்றாள். இந்த முறை காகிதம் பார்க்காமல் சரி என்றார். ஊரே கேட்டது.

ராத்திரி உன் மாமன் நம் வீட்டில்தான் சாப்பிட்டார். செங்கேணிதான் பரிமாறினாள். ரசத்துக்குக் குழி செய்துகொண்டே சொல்கிறார்: “மேடையில பேசறது மேடையோட போச்சி. பஸ் வந்தா வரட்டும். வைகாசிய மட்டும் மாத்தாதீங்க.” கனகா சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மாகறல் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கும்போது, இதே அண்ணன்தான் வகுப்பு வாசலில் வந்து நின்று, “கோயிந்து, பலகைய வச்சிட்டு வா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று கூப்பிட்டார். என் பெயரில் பாதிதான் பலகையில் எழுதியிருந்தேன். மீதியை எழுதிவிட்டு வருகிறேன் என்றேன். அது எதுக்கு என்றார். கனகா நின்ற நிற்பைப் பார்த்ததும் அந்தப் பலகை என் கைக்கு வந்தது போல இருந்தது.

நீ நல்லவன். ஊர் கைதட்டலை வாங்கிக்கொண்டாய், அதற்குத் தகுந்தபடி ஒரே ஒரு வரி எழுதிப் போடு. அதை உன் மகள் பெயருக்கே எழுது. போன தடவை மாதிரி அவளே எனக்குப் படித்துக் காட்டட்டும். நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஜூன் மாதம் முதல் பஸ் வரும்போது வேப்பமரத்தடியில் நீயும் நிற்க வேண்டும். அவ்வளவுதான் இந்தக் கிழவிக்கு ஆசை.

நேற்று வந்தவர்களில் வரதப்பனை மன்னித்துவிட்டேன். காகிதம் படித்த அதிகாரியை மன்னித்துவிட்டேன். தாயாரம்மாளையே மன்னித்துவிட்டேன். நான் சாகும்வரை மன்னிக்காத ஆள் ஒருத்தர்தான், என் கூடப் பிறந்த மாகறல் பஞ்சாட்சரம். அந்தப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரை எழுத வைக்காதே, கண்ணு.

உன் அம்மா,
கோவிந்தம்மாள்