ஓரனோடு காலைச் சாப்பாடு

ஆகஸ்ட் 12, 2008, செவ்வாய்

பதினாலாவது பயிற்சி முகாம். இடது முழங்கால் என்னைவிட ஒரு படி பின்னால்தான் ஏறி வருகிறது. அமெரிக்கக் கால்பந்தில் என்னைப் போன்ற டைட் எண்டுக்கு என்ன வேலை? வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணி முரடர்களைத் தடுப்பது. எப்போதாவது பந்து வந்தால் பிடிப்பது. நெப்ராஸ்காவில், மொத்தமே ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியிலிருந்து வந்தவனுக்கு இதுவே இத்தனை வருஷம் சோறு போட்டது. இன்னும் ஒரே ஒரு வருஷம் வேண்டும். பேராசைதான்.

ஆகஸ்ட் 20

ஓரன் ஹாக் இன்றும் தனியாகத்தான் சாப்பிட்டார். அணியிலிருந்து நீக்கப்பட்டவனைக் கோச்சிடம் அழைத்துப்போவது அவர் வேலை. "கோச் கூப்பிடுறார், ஆட்டத் திட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கோ" என்பார், அத்தோடு கதை முடிந்தது. அதனால் யாரும் அவர் பக்கமே போவதில்லை.

முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. ஆள் குறைக்கும் நாளன்று, இடம் காலியாக இருக்கிறதே என்று அவர் எதிரில் முட்டைத் தட்டோடு உட்கார்ந்துவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் உக்காந்தியா?"

"உப்பு உங்ககிட்டதானே இருக்கு?"

சிரித்துவிட்டார். அன்று நான் தப்பினேன். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அவரோடுதான் காலைச் சாப்பாடு. பதின்மூன்று முறை!

ஆகஸ்ட் 27

புதிதாக வந்த டைட் எண்டுகள் இருவருமே என்னைவிட வேகம். நல்ல பிள்ளைகள் வேறு, மனசாரத் திட்டக்கூட முடியவில்லை.

மனைவி மார்னி போனில் கேட்டாள்: "பெட்டியெல்லாம் பிரிக்கவா, வேண்டாமா?"

"சனிக்கிழமைதான் ஆள் குறைக்கிறாங்க, அதுவரைக்கும் பொறு."

"கல்யாணம் ஆனதிலேர்ந்து இதையேதான் சொல்றே. பாதிச் சாமான் எப்பவும் பெட்டிக்குள்ளேயே கெடக்கு."

ஆகஸ்ட் 30, சனி

ஓரன் மேசையில் இல்லை.

தட்டோடு நின்றேன். முட்டை ஆறியது. அவர் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லையே — அப்புறம்தான் உறைத்தது, இந்த முறை நீக்கப்பட்டவன் நான்தான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே தேடிப் போனேன். என் அறைக்கு ஏறும் படியடியில், ஏறாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் சாப்பிட வரலே?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் எதிர்ல உக்கார்றது?"

அந்த ஒரு வாக்கியம் அவர் வாயில் வரவே இல்லை. "கோச் கூப்பிடுறார், அதானே? வாங்க" என்று நான்தான் அவரை அழைத்துப்போனேன்.

வண்டியில் ஏறியதும் அழுதேன். பொய் எதற்கு? ஆனாலும் பதின்மூன்று வருஷம்! என்னைப் போல எத்தனை பேர் பதின்மூன்று நாளில் ஊர் திரும்பினார்கள். எனக்கு இந்த ஆட்டம் கொட்டித்தான் கொடுத்திருக்கிறது.

செப்டம்பர் 4

ஒன்றுமில்லை. புல் வெட்டினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சீசனின் முதல் ஆட்டம் இன்று. காலையில் கதவு தட்டும் சத்தம். பழக்க தோஷம், கை திட்டப் புத்தகத்தைத் தேடியது.

மார்னி திறந்தாள். "அட, ஓரனா! இங்க யாரை நீக்க வந்தீங்க?"

நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். கையில் ஒரு டஜன் முட்டை. "அன்னிக்கு ரெண்டு பேரும் சாப்பிடலையே" என்றார்.

பொரித்தாயிற்று, உப்பைத்தான் காணோம். மூவரும் தரையில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகப் பிரித்தோம். நாலாவதில் கிடைத்தது.

சாப்பிட்டு முடித்ததும், 'பிரிக்கவா, வேண்டாமா' என்று மார்னி இந்த முறை கேட்கவில்லை. ஐந்தாவது பெட்டியை இழுத்து, அதையும் பிரிக்க ஆரம்பித்தாள்.