மாடிக் கம்பிகள்

திண்டிவனம்

அன்புள்ள மணிமாறனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், மொட்டை மாடியின் உடல்நிலையைத்தான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீயும் அருணாவும் குழந்தையும் பெர்த் நகரத்தில் சுகமாக இருக்க வேண்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டின் வரலாற்றில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. கூடத்தில் ஒழுகும் இடத்தில் இதுவரை பணியாற்றிய பச்சை வாளிக்கு ஓய்வு கொடுத்து, என் கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டாவை அங்கே வைப்பதென்று தீர்மானித்தோம். அண்டாவில் சொட்டினால் சத்தம் வரும், தூக்கம் போய்விடும் என்று உன் அப்பா எதிர்த்தார். வாளி நிரம்பி வழிவது மட்டும் தாலாட்டா என்று கேட்டேன், தீர்மானம் நிறைவேறியது.

அண்டாவை வைத்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. முந்தின வருடம் கொத்தனார் தென்னரசு மாடித் தரையில் பதித்த தட்டோடுகளின் இடுக்குகளை எல்லாம் சிமெண்டால் அடைத்தார், போன வருடம் அதன்மேல் தார் ஷீட் ஒட்டினார். இந்த வருடம் விழுப்புரத்தில் வேலையில் இருக்கிறாராம், அனுப்பிய படத்தைப் போனிலேயே பார்த்துவிட்டு, "யம்மா, மேல தகரக் கொட்டாய் போட்டுக்கினா ஒரு பேஜாரும் இல்ல" என்கிறார். நான் தண்ணீர் போகும் குழாயில் அடைத்த குப்பையை எடுத்தேன், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றையும் பிடுங்கினேன். அப்படியும் ஒழுகியது. புதன்கிழமை கூரையிலிருந்து காரை பெயர்ந்து, படுத்திருந்த உன் அப்பாவின் தலையணைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. மேலே துருப்பிடித்த கம்பி சிவப்பாகத் தெரிந்தது. அவர் எழுந்து தானே பெருக்கி அள்ளிவிட்டு, "பல்லி தள்ளியிருக்கும்" என்றார்.

அன்று மழை விட்டதும் ஒரு குடம் தண்ணீரில் சொட்டு நீலத்தைக் கலந்து மேலே எடுத்துப்போனேன். தட்டோட்டின்மேல் ஊற்றினேன், கீழே ஒன்றுமில்லை. நீ ஒருநாள் வந்து மாடி எழுப்புவாய் என்று, வீடு கட்டும்போதே தூண்களின் தலையில் விட்டுவைத்த கம்பிகள் நிற்கின்றனவே, அவற்றின் அடியில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் அண்டாவில் நீலம் சொட்டியது. கம்பி வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது. அறுத்துவிட்டு மூட வேண்டும் என்றேன். "அறுத்துட்டா புள்ள எதும்மேல கட்டுவான்? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசுறியாடி?" என்றார் உன் அப்பா. நீ அங்கே வீடு வாங்கிய சேதியைச் சொன்ன மறுநாள் காலையில், இவர் மேலே போய் துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு கம்பிக்கும் புது பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்துவிட்டு வந்தவர். நான் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது கேட்டேன். வராத மாடிக்காக இருக்கிற கூரை நம் தலையில் விழ வேண்டுமா, அவன் வந்தால் துளை போட்டு, கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பசை மருந்து வைத்து, புதுக் கம்பி நட்டுக்கொள்ளட்டும் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, வேர்க்கடலை விற்கும் மல்லாட்டை மண்டி வரைக்கும் போய், ஒன்றும் வாங்காமல் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை தென்னரசைப் பிடிவாதமாக வரவழைத்து அறுத்தாயிற்று. "யம்மா, ஐயாவ ஒரு வார்த்த கேட்டுக்கினீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். உன் அப்பா தானே மேலே வந்து, தெருவில் யார் தலையிலாவது விழுந்துவிடக் கூடாது என்று கடைசிக் கம்பி வரை பிடித்துக்கொண்டு நின்றார். அறுத்த இடத்தில் துருவைச் சுரண்டி, கான்கிரீட் போட்டு மூடி, கீழே காரை பெயர்ந்த இடத்தையும் பூசியாகிவிட்டது. இதைப் படித்துவிட்டு நீ வருத்தப்பட்டு உடனே போன் செய்யாதே, அப்பா எடுப்பார், இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றியே பேசிவிட்டு வைப்பீர்கள்.

மூவரும் நோயில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். உன் வீட்டுச் சாய்வான கூரையின் ஓரத்துத் தகரக் கால்வாயில் இலை சேரும், மழைக்கு முன்னால் அள்ளிப்போடு, மறக்காதே.

அன்புடன் ஆசீர்வதிக்கும்
அம்மா கிருஷ்ணவேணி

பி.கு.: நேற்று நல்ல மழை, ஒழுகவில்லை. நம் தெருவில் மாடியில் கம்பி இல்லாத வீடு இப்போது நம்முடையது ஒன்றுதான்.