பூட்டின அறையில் நாற்பது வாற்ஸ்

வெள்ளவத்தை
8-3-1939, காலமை

இஞ்சாருங்கோ,

சோறும் சூடைமீன் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். நான் பிள்ளையோட கொட்டாஞ்சேனைக்கு அம்மா வீட்டை போறன்.

போன மாசம் இருபத்தேழு யுனிற் கூட ஓடினதுக்கு நான்தான் காரணமெண்டு நேற்றுக் கத்தினியள். மீற்றர் பார்க்க வாற ஆளிட்டையே கேட்டுப் படிச்சிட்டன். நாற்பது வாற்ஸ் பல்ப் இருபத்தஞ்சு மணித்தியாலம் எரிஞ்சால் ஒரு யுனிற். இருபத்தேழு யுனிற் எண்டால், மாசம் முழுக்க ஒரு பல்ப் அணையாமல் எரிஞ்சிருக்கு.

இண்டைக்கு எல்லாச் சுவிச்சையும் நிப்பாட்டிப்போட்டுப் பார்த்தன். மீற்றருக்குள்ள சக்கரம் மெல்லமாச் சுத்திக்கொண்டே இருந்தது. குசினி லைற்றைப் போட, வேகம் சரியா ரெண்டு மடங்காச்சு. அப்ப குசினியில எரியிறமாதிரி இன்னொண்டு எங்கையோ எரியுது.

மிச்சம் உங்கட அக்காவின்ர அறை ஒண்டுதான். அவ செத்த அண்டைக்கே பல்பைக் கழட்டிப்போட்டுப் பூட்டினதெண்டு சொன்னியள். அந்தப் பூட்டின்ர திறப்பும் உங்கட பொக்கற்றுக்குள்ளதானே. திறந்து பார்த்துப்போட்டு, ஆர் எரிக்கிறதெண்டு எனக்கு வந்து சொல்லுங்கோ.

பூரணம்

இன்னுமொண்டு. குசினி லைற்றை நிப்பாட்டிப்போட்டு எழுதிறன். அறையைத் திறக்க வேண்டாம். சாப்பாடும் வேண்டாம், நேரா அம்மா வீட்டை வாங்கோ. வெளிக்கிடேக்கை மீற்றருக்குப் பக்கத்தில இருக்கிற அந்த அறைக் கதவைத் தட்டினன். தட்டின உடனை சக்கரம் நிண்டிட்டுது.